ஏரிக்கரையும் தோப்பும் சேர்ந்த மண்பாதையில் ஓடினால் முட்டி வலி குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 41, வீடு புதுச்சேரி ரெட்டியார்பாளையம். ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் பீச் ரோட்டில் ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். மூன்று மாதமாக வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலி. மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அதிகம் தெரிகிறது. பாகூர்ப் பக்கம் அம்மா வீட்டருகே ஏரிக்கரையில் ஏறி, சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, பனங்கரை வழியாக மண்பாதையிலேயே ஒரு சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர் ஆகிறது. “தார் ரோட்டை விட்டு மண்ணுக்கு மாறினால் முட்டி வலி போய்விடும் என்கிறார்கள், மாறலாமா?” என்று கேட்கிறீர்கள். கேள்வி மண்ணைப் பற்றியது என்றாலும், இந்த வலி இருக்கும்போது ஓட்டத்தைக் கைவிடாமல் இருக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் 19 வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டி, கணுக்கால், இடுப்பு வலிக்காரர்கள். 11 வருடமாக நானும் பாகூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய ஏரியைச் சுற்றி மண்பாதையில்தான் ஓடுகிறேன். அதனால் பாதையைப் பற்றிச் சொல்வதைக் கால் பட்ட அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். உங்கள் முழங்காலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை நான் தொட்டுப் பார்க்கவில்லை. படி இறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் வலி என்றால், பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் சுமை தாங்காமல் வருகிற வலியாக இருக்கும். முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது திடீரென மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, கால் மடங்கி விழப் பார்த்தாலோ கதை வேறு. அப்போது எந்த மண்ணிலும் ஓடாமல் நேரில் காட்டுங்கள்.

சரி, மாறலாமா? மாறலாம். ஆனால் மண் மெத்தென்று இருக்கும், முட்டிக்கு அடி குறையும் என்று நினைத்து மாறினால் ஏமாந்துபோவீர்கள். ஓடும்போது நம் கால் ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. தரை கெட்டியாக இருந்தால் கால் தன்னைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளும், தரை மெத்தென்று இருந்தால் அந்த அளவுக்கு விறைத்துக்கொள்ளும். 1990களில் வெவ்வேறு கடினத்தில் தளம் அமைத்து அதில் ஆட்களை ஓடவிட்டு அளந்தபோது, தளம் மாறினாலும் உடம்பு மேலும் கீழும் அசைகிற அளவு ஏறக்குறைய மாறவில்லை. தரை தருகிற சலுகையைக் கால் தானே ஈடுகட்டிவிடுகிறது. அதோடு, ஏரிக்கரை மண் எப்போதும் மெத்தென்று இருக்கும் என்று யார் சொன்னது? மே மாதத்தில் அதே கரையில் ஒரு குச்சி நட வேண்டுமானால் கடப்பாறை வேண்டும். தார் ரோடே பரவாயில்லை என்கிற அளவுக்கு இறுகிக் கிடக்கும்.

அப்படியானால் மண்பாதையில் ஓடுகிற பலருக்கு முட்டி வலி குறைகிறதே, எப்படி? என் கிளினிக்கிலும் அதைப் பார்க்கிறேன். இரண்டு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று, மண்பாதையில் யாரும் பீச் ரோட்டு வேகத்தில் ஓட முடியாது. வேகம் குறைந்தால் சுமையும் குறையும். இரண்டாவது, மேடுபள்ளத்தைக் கண்டதும் நாம் அறியாமலே கால் எட்டி வைக்கிற தூரத்தைக் குறுக்கிக்கொள்கிறோம். இந்த இரண்டாவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதே வேகத்தில், நிமிடத்துக்கு விழும் காலடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலில் இறங்குகிற சுமை குறைகிறது என்று 2011 இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இதற்குப் பாகூர் வரை போக வேண்டாம். நாளைக் காலையில் பீச் ரோட்டிலேயே ஒரு நிமிடம் உங்கள் காலடியை எண்ணுங்கள். 158 வருகிறதென்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் 166 ஆக்கிப் பாருங்கள். முதல் வாரம் கோழி நடை போல விசித்திரமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மூன்றாவது காரணம் ஒன்றையும் சொல்வார்கள். ரோட்டில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுகிறது, ஒரே இடம் தேய்கிறது. மண்ணில் ஒவ்வொரு அடியும் வேறு கோணத்தில் விழுவதால் சுமை பரவுகிறது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நானும் நம்புகிறேன். ஆனால் இது அளந்து உறுதியான விஷயம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. இரண்டரை சென்டிமீட்டர் வரைக்குமான சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் உள்ள தளத்தில் ஓடினால் சமதளத்தைவிடச் சுமார் 5 சதவீதம் அதிகச் சக்தி செலவாகிறது. தொடைத் தசைகளில் சில கூடுதலாக உழைக்கின்றன. கடற்கரை மணல் என்றால் கேட்கவே வேண்டாம், கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு. அதனால் கடலூர் சில்வர் பீச்சில் ஈர மணலைத் தாண்டி உள்ளே போய் ஓடுகிறவர்கள் ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குவதில் அதிசயம் இல்லை. நீங்கள் மண்பாதைக்கு வந்ததும் ஐந்து கிலோமீட்டருக்கு வழக்கத்தைவிட ஆறேழு நிமிடம் கூடும். அதை உங்கள் குறையாக நினைத்து முடுக்காதீர்கள்.

“ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்” என்று வீட்டில் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2017 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக மட்டும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் அது 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கலாம். அதனால் ஓட்டம் மூட்டைக் காப்பாற்றும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நம்மைப் போன்றவர்களின் அளவான ஓட்டம் மூட்டைத் தின்றுவிடாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது பாதைக்கு வருகிறேன். நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் முட்டி வலியோடு வந்து மண்பாதைக்கு மாறியவர்கள் பலர் திரும்பி வந்தது கணுக்கால் சுளுக்கோடு.

நம் ஊர் ஏரிக்கு முழு வட்டக் கரை கிடையாது. தாழ்ந்த பக்கங்களில் பிறை போலக் கரை வளைந்திருக்கும், மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். மழைத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் உள்ளே இறங்குகிறது. ஆகவே ஏரியை ஒரு சுற்று சுற்றுவது என்றால் பாதிச் சுற்று கரை மேல், மீதிச் சுற்று மேட்டுப் பக்கத் தோப்பும் வரப்புமாகத்தான் இருக்கும். இந்த இரண்டாவது பாதியின் நீளம் தண்ணீரைப் பொறுத்து மாறும். சித்திரையில் ஐந்து கிலோமீட்டராக இருந்த சுற்று, கார்த்திகையில் ஏழாகலாம், சுற்றே இல்லாமலும் போகலாம். கரையில் மதகுகள் இருக்கும், அவற்றைத் தாண்டுவது சுலபம். மிகுதித் தண்ணீர் வழிகிற கலங்கல்தான் கவனிக்க வேண்டிய இடம். ஏரி நிரம்பி வழிகிறபோது அந்தக் கல்தளத்தின் மேல் ஒரு ஜாண் தண்ணீர்தான் ஓடுகிறது என்று தோன்றும், ஆனால் அடியில் பாசி பிடித்திருக்கும். வழிகிற கலங்கலை ஓடியும் தாண்டாதீர்கள், நடந்தும் தாண்டாதீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிரம்புகிறது. அதனால் உங்கள் தெருவில் மழையே இல்லாத நாளிலும் அந்தப் பக்கத்து வாய்க்கால்கள் திடீரென நிறைந்து ஓடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் நான் ஓடுகிற சுற்றில் இரண்டு இடத்தில் கரை அரித்துப்போய் ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளம். மேலே புல் மூடிக்கொண்டதால் பக்கத்தில் போகும் வரை தெரியவில்லை.

கரை மண்ணும் தோப்பு மண்ணும் ஒன்றல்ல. பாகூர்ப் பக்கம் ஆற்று வண்டலும் களியும். மழையில் ஷூவின் அடியில் ஒட்டி ஒட்டி, பத்து அடிக்குள் ஒரு காலுக்கு அரைக் கிலோ சேர்ந்துவிடும். காய்ந்தால் அதே களி வெடிக்கும், அந்த வெடிப்பில் ஷூவின் முனை சரியாகப் போய் உட்காரும். ஆரோவில் பக்கமும் கடலூர் கேப்பர் மலைப் பக்கமும் செம்மண். அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், ஆனால் கோடையில் மேலே உதிர்ந்து கிடக்கும் குறுணிக் கல் சரிவில் குண்டு போல உருளும். எந்த மண்ணானாலும் எனக்குப் பிடித்த காலம் பொங்கலில் இருந்து மாசி முடியும் வரை. மண் ஈரமும் இல்லாமல் இறுகவும் இல்லாமல் இருக்கும். காலடி விழுகிற சத்தத்திலேயே அது தெரியும், “பொத், பொத்” என்று கேட்கும். கோடையில் அதே இடத்தில் “டக், டக்” என்றுதான் கேட்கும்.

கரையில் நான் மிகவும் பயப்படுவது நண்டு வளைக்கு. வயல் நண்டு கரையோரம் தோண்டுகிற பொந்து ஒரு கைப்பிடி அகலம்தான் இருக்கும், வாயில் கொஞ்சம் மண் உருண்டை குவிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது அந்த உருண்டைகளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மண் காய்ந்து அருகம்புல் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. தோப்புக்குள் ஆபத்து வேறு மாதிரி. சவுக்கை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டுவார்கள், அடிக்கட்டை நிலத்திலேயே நிற்கும். அதன் மேல் சவுக்கு ஊசி இரண்டு விரல் கனத்துக்கு உதிர்ந்து மெத்தை விரித்தது போலத் தெரியும். ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். எட்டு வருடத்துக்கு முன் அப்படித் தோன்றித்தான் நான் வேகத்தைக் கூட்டினேன். கட்டை ஒன்றில் பெருவிரல் இடித்து, விழாமல் இருக்க மறு காலை வைத்த இடத்தில் இன்னொரு கட்டை. இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. வெளிப்பக்கத் தசைநார் பாதி கிழிந்து, ஓடத் திரும்ப ஒன்பது வாரமானது. அன்றிலிருந்து தோப்புக்குள் ஒரே பழக்கம்: நடு மெத்தையில் ஓடுவதில்லை, மாட்டு வண்டியும் டிராக்டரும் போய்த் தேய்ந்த தடத்தில் மட்டும் ஓடுகிறேன். கண் காலடியைப் பார்க்காது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்கும். முந்திரித் தோப்பில் மட்டும் நடக்கிறேன். அந்தத் தாழ்ந்த கிளைகளுக்குக் குனிந்து ஓடினால் கீழே இருக்கும் வேர் தெரியாது.

கணுக்கால் மடங்கிவிட்டால் செய்ய வேண்டியது சுலபமானது. அந்த இடத்திலேயே நான்கு அடி நடந்து பாருங்கள். நடக்கவே முடியாவிட்டாலோ, கணுவின் இரு பக்கத்து எலும்பு மேட்டின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவில் துருத்தி நிற்கிற எலும்புக்கும், உள்பக்க வளைவின் மேல் இருக்கிற எலும்புக்கும் இதே கணக்குதான். இப்படி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் எலும்பு முறிவு இல்லை. ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்கு வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்கப் பயிற்சி உதவும் என்பதும் நன்றாக உறுதியான விஷயம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒரு நிமிடம் ஆடாமல் நின்ற பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். உங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒற்றைக் காலில் நிற்க உழைக்கிற அதே இடுப்புத் தசைகள்தான் ஓடும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரியாமல் பிடிக்கின்றன. அதோடு ஒரு படிக்கட்டில் நின்று வலது காலை மெதுவாக மடக்கி, இடது குதிகாலால் கீழ்ப்படியைத் தொட்டு எழுந்திருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பத்தாக மூன்று தடவை. பாதை எதுவானாலும் உங்கள் முட்டிக்கு அதிகம் உதவப்போவது இதுதான்.

கரையில் ஏறி இறங்குகிற சரிவையும் மறக்க வேண்டாம். சில்லு வலிக்காரர்களுக்கு இறக்கம் ஏற்றத்தைவிடக் கெடுதல். கரையிலிருந்து தோப்புக்கு இறங்குகிற இடத்தில் முதல் இரண்டு மாதம் நடந்தே இறங்குங்கள். இன்னொன்று, நம் ஆட்கள் எதைச் சுற்றினாலும் கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகவே சுற்றுவார்கள். கரைப்பாதை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். தினமும் ஒரே பக்கத் தடத்தில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்விலேயே இருக்கும். இப்படி ஓடி ஒரு பக்க முழங்காலின் வெளிப்புறம் மட்டும் வலிக்கிறது என்று வந்த சிலரைத் திசை மாற்றி ஓடச் சொன்னேன். ஒரு மாதத்தில் சரியானது. திசை மாறியதால் சரியானதா, அந்த ஒரு மாதம் ஓட்டத்தைக் குறைத்ததால் சரியானதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. செலவில்லாத மாற்றம் என்பதால் ஒரு நாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் ஓடுங்கள்.

முள்ளைப் பற்றி ஒரு சம்பவம். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இளைஞர் வீங்கிய முட்டியோடு வந்தார். பல வாரமாக மருந்து சாப்பிட்டும் குறையவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டபோது ஏரிக்கரை என்றார். விழுந்தீர்களா என்றேன். யோசித்து, ஒரு முறை ஈச்சம் புதரில் முட்டி போட்டு விழுந்ததாகவும், முள்ளைப் பிடுங்கிவிட்டதாகவும் சொன்னார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மூட்டுக்குள் ஒரு நெல்மணி நீளத்துக்கு முள் நுனி. அறுவைச் சிகிச்சையில் எடுத்த பிறகுதான் வீக்கம் வடிந்தது. செடி முள் எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது. அதனால் ஈச்சை, சீமைக்கருவேலம் போன்ற முள் மூட்டருகே குத்தி, சில வாரம் கழித்து வீங்கினால், குத்தியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். சீமைக்கருவேல முள் சாதாரண ஷூவின் அடியைத் துளைத்து வரும். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தெரியாவிட்டால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு ஓடுவது நல்லது என்று யாராவது சொன்னால், இந்தப் பாதைக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

பாம்பைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். வரப்பில் எலி இருக்கிற இடத்தில் பாம்பு இல்லாமல் இருக்காது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான். இருமுறை கண்ணாடி விரியன். சாரை நம் சத்தம் கேட்டு ஓடிவிடும். விரியன் நகராது, சுருண்டு கிடந்தபடி குக்கர் விசில் போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டு, பின்னால் போங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. ஆகவே பளிச்சென்று விடிந்த பிறகே கரையில் ஏற வேண்டும். நம் ஊரில் மே கடைசியில் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் வந்துவிடும், ஜனவரி நடுவில் ஆறரை ஆகும். ஒருவேளை கடித்துவிட்டால், கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, 108க்குப் போன் செய்து, ஜிப்மர் போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கும். கண் இமை சொருகினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பாம்பைவிட நான் அதிகம் சந்தித்தது காய்ச்சலை. மழை முடிந்த குளிர் மாதங்களில் புதர்ப் பக்கம் போய்வந்தவர்களுக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்காது என்பதால் நமக்கே தெரியாமல் இருக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும். தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெள்ளம் வடிந்த சேற்றில் ஓடவே கூடாது, மெலியாய்டோசிஸ் என்கிற மண் கிருமித் தொற்று அவர்களுக்குத்தான் கடுமையாக வருகிறது. எந்தக் காய்ச்சலானாலும் “ஏரிக்கரையில் ஓடுகிறேன்” என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி.

அந்தப் பாதை நமக்காகப் போட்டது இல்லை, வயலுக்குப் போகிறவர்களின் வழி. அறுவடைக் காலத்தில் கரை மேல் நெல் காயும், அதை மிதிக்காமல் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். விடியற்காலையில் கரையோரம் ஒதுங்குகிற பெண்கள் இருப்பார்கள். தூரத்திலிருந்தே செருமிக் காட்டுங்கள், வேறு பக்கம் பார்த்து நடந்து கடந்துவிடுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை ஓரம் கம்பி இழுத்துக் கட்டியிருந்தால் தொடவோ தாண்டவோ வேண்டாம். பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் மாதம் அம்மா வீட்டிலிருந்து யாரையாவது சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள். மாடு மேய்ப்பவர்களுக்கும் மோட்டார் கொட்டகைக்காரர்களுக்கும் உங்கள் முகம் பழகிவிட்டால் அதற்கப்புறம் அதுவே பெரிய பாதுகாப்பு. எனக்குச் சுளுக்கிய அன்று என்னைக் கைத்தாங்கலாக ரோடு வரை கூட்டி வந்தவர் தினமும் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாட்டுக்காரத் தாத்தாதான்.

பறவைகளுக்கும் இதே மரியாதை தேவை. ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே ஓடக் கூடாது. உங்கள் ஏரி சரணாலயம் இல்லையென்றாலும், மார்கழி, தையில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கரையோரம் நின்றால் கத்தாமல், பாட்டுப் போடாமல், கரையின் வெளிப்பக்கத் தடத்தில் போங்கள். பங்குனியிலிருந்து ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் நான்கு முட்டை இடும், கூடு என்று ஒன்றும் இருக்காது, மண் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக முட்டை. அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்கு அருகில் இருக்கிறது என்று அர்த்தம். நின்று தரையைப் பார்த்து, வந்த தடத்திலேயே விலகுங்கள்.

எப்படித் தொடங்குவது? முதல் இரண்டு முறை சுற்று முழுவதும் நடங்கள், ஒரு முறை வலமாக, ஒரு முறை இடமாக. நண்டு வளை, கட்டை, கலங்கல், முள் எங்கெங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் மூன்று ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மண்ணுக்கு மாற்றுங்கள், மற்ற இரண்டும் பீச் ரோட்டிலேயே இருக்கட்டும். காலையில் ஏழரை வரை அங்கே வண்டி வராது என்பது எவ்வளவு பெரிய வசதி. மண்ணில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மொத்தம் 25 நிமிடம். கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கூட்டலாம். ஷூ அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் பல் இருந்தால் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. கத்திரி வெயில் நாட்களில் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு பழக இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரமும் பாதித் தூரம் போதும்.

வலியை இப்படி அளந்துகொள்ளுங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாதது. ஓடும்போது மூன்று வரை இருந்து, மறுநாள் காலையில் படி இறங்கும்போது பழைய அளவுக்கே திரும்பியிருந்தால் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் முந்தைய ஓட்டம் அதிகம், அடுத்ததில் ஐந்து நிமிடம் குறைக்க வேண்டும். படிக்கட்டுப் பயிற்சியைத் தவறாமல் செய்து, காலடியையும் கூட்டிய பிறகு, ஆறு வாரத்தில் கொஞ்சமாவது மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால், ஓடுகிற ஷூவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய் ஓடிக் காட்டுங்கள். கால் எப்படி விழுகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.